சாவி கொடுத்த கடிகாரம்

கதவுச் சக்கரம் அசையவில்லை. குலேந்திரன் இரண்டு கைகளாலும் பிடித்து இழுத்தான். செருப்பு தரையில் வழுக்கியதுதான் மிச்சம். இரும்புக் கதவுக்கு அந்தப் பக்கம், சன்னல் இல்லாத பெட்டக அறைக்குள், அவன் மனைவி சந்திரமதி சாம்பிராணித் தட்டோடு நின்றாள்.

"அத்தான், பகிடி போதும். அக்காவைத் திறந்துவிடுங்கோ," என்றான் அவள் தம்பி நிருசன்.

"திறக்குதில்லையடா!"

சுவிஸில், ஓல்டனுக்குப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், முன்பு வங்கியாக இருந்த கட்டடத்தைப் பலசரக்குக் கடைக்காக எடுத்திருந்தார்கள். நாளை திறப்பு, இன்று பூசை. கும்பமும் தேங்காயும் வைத்திருந்த அரிசி மூட்டைகளுக்குச் சாம்பிராணி காட்ட அவள் உள்ளே போனதும், "கொள்ளைக்காரன் மாதிரி ஒரு போஸ் குடுங்கோ அத்தான்," என்றான் நிருசன். குலேந்திரன் கதவைச் சாத்திச் சக்கரத்தைச் சுழற்றினான். போன கிழமையும் இப்படி விளையாடியிருக்கிறான். எண் பூட்டு செயலிழந்து கிடந்ததால் சக்கரம் ஒவ்வொரு முறையும் இலகுவாகத் திரும்பி வந்தது.

வடையும் கையுமாக இருந்த பக்கத்து வீட்டு ஃப்ராவ் கெர்பர் எழுந்தார். ஊர் பார்க்க வருகிறவர்களுக்குப் பழைய கதைகளைச் சொல்லிக்காட்டும் அம்மா அவர்.

"கதவின் உள்பக்கத்துக் கடிகாரத்துக்கு யாராவது சாவி கொடுத்தீர்களா?"

கொடுத்திருந்தார்கள். ஓடாத கடிகாரத்தை வைத்துக்கொண்டு நல்ல காரியம் தொடங்கக்கூடாது என்று காலையில் சந்திரமதிதான் சாவிக் கொத்தில் சிறியதைத் தேடியெடுத்து, கண்ணாடியிலிருந்த துளைக்குள் விட்டு, திருக முடிந்தவரை திருகினாள். டிக் டிக் என்று கேட்டதும் குலேந்திரனுக்கும் சந்தோசமாக இருந்தது.

அது நேரம் பார்க்கிற கடிகாரம் அல்ல, பூட்டு. கதவுக்குள் இருக்கும் தடித்த தாழ்க்கம்பிகளைச் சக்கரம் சுவருக்குள் தள்ளுகிறது. கடிகாரம் ஓடும் வரைக்கும் ஒரு பித்தளைத் தண்டு குறுக்கே விழுந்து நின்று, அந்தக் கம்பிகளைத் திரும்பி வரவிடாது. எண் தெரிந்த முகாமையாளரின் தலையில் துப்பாக்கி வைத்தாலும் பயனில்லை. அதற்காகத்தான் கண்டுபிடித்தார்கள் என்றார் ஃப்ராவ் கெர்பர்.

"எவ்வளவு நேரம் ஓடும்?" என்று கேட்டான் குலேந்திரன்.

"முழுதாகக் கொடுத்தால் மூன்று நாள்."

நிருசன் தீயணைப்புக்கு அழைத்தான். வருகிறார்கள், ஆனால் பெட்டகக் கதவை வெட்டும் கருவி நகரத்திலிருந்து வரவேண்டுமாம். நெருப்புக்கே வழிவிடாத கதவு, காற்றுக்கு எங்கே வழிவிடும்? உள்ளேயோ சாம்பிராணி புகைந்துகொண்டிருந்தது.

"குழாய் எங்கே?" ஃப்ராவ் கெர்பர் சுவரைத் தடவினார். "இங்கே ஓர் இரும்புக் குழாய் இருக்கவேண்டும்."

எலி வந்து அரிசியில் வாய்வைக்கும் என்று அந்த ஓட்டையை அடைத்துச் சீமெந்து பூசியவன் குலேந்திரன்தான். சுத்தியலும் உளியும் எடுத்து அடிக்கத் தொடங்கினான். அடிகளுக்கு நடுவே அவர் படபடவென்று சொன்னார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், மணிக்கூட்டுத் தொழிற்சாலைகள் மூடிக் கிடந்த காலத்தில், வேலையிழந்த இருவர் இங்கே கொள்ளையடிக்க வந்தார்கள். மேசைப் பணத்தை அள்ளிக்கொண்டு, காசாளரை உள்ளே தள்ளிச் சக்கரத்தைச் சுழற்றிவிட்டு ஓடினார்கள். பாதி வழியில் ஒருவனுக்குப் பொறி தட்டியது. அவன் கடிகாரத் தொழிலாளி. கதவு சாத்தும்போது காதில் விழுந்த டிக் டிக் இந்தப் பூட்டினுடையது என்று அப்போதுதான் விளங்கியது. திரும்பி வந்து பொலிசிடம் தானாகப் போய் நின்றான். சுவரைத் துளைத்தார்கள். விலங்குக் கையோடு அந்தத் துளையில் வாயை வைத்து, எந்தத் தண்டை எந்தப் பக்கம் தள்ளவேண்டும் என்று காசாளருக்குச் சொன்னவன் அவன்தான். பிறகு வங்கி அந்தத் துளையில் குழாய் பதித்தது.

"தண்டை எந்தப் பக்கம் தள்ளினது?" என்று கத்தினான் குலேந்திரன்.

"வலப்பக்கம், கதவு சுவரோடு சேரும் பிணைச்சலை நோக்கி."

உளி வெறுமைக்குள் பாய்ந்தது. குழாயிலிருந்து புகை வந்தது.

"மதி! மதி!"

இருமல் கேட்டது. பிறகு குரல். "கேக்குது... கத்தாதேங்கோ."

"சாம்பிராணியை அணை!"

"அது எப்பவோ கும்பத் தண்ணியை ஊத்தி அணைச்சாச்சு. தலை சுத்துதப்பா."

"கதவில இருக்கிற மணிக்கூட்டுக் கண்ணாடியை உடை. கும்பத் தேங்காயால அடி."

ஓர் அடி. இன்னொன்று. கண்ணாடி சிதறியது.

"கீழ பித்தளைத் தண்டு ஒண்டு இருக்கும். வலப்பக்கம் தள்ளு."

"அசையுதில்லை." மூச்சு இழுத்தது. "ஏலாதப்பா, இறுகிப்போய் நிக்குது."

குலேந்திரன் திரும்பிப் பார்த்தான். நிருசன் சக்கரத்தைத் திறக்கும் பக்கம் இழுத்தபடி தொங்கிக்கொண்டிருந்தான். முழுப் பாரத்தோடும். குலேந்திரனுக்குத் தாழ்க்கம்பிகள் கண்ணுக்குள் தெரிந்தன. வெளியே வர முட்டிக்கொண்டு அவை அந்தத் தண்டை நெரித்துக்கொண்டிருந்தன.

"விடடா அதை! பூட்டுற பக்கம் திருப்பு!"

"விசரே அத்தான்? அக்கா உள்ளுக்க!"

அவனைத் தள்ளிவிட்டுக் குலேந்திரனே சக்கரத்தைப் பிடித்தான். மனம் ஒருபக்கம் இழுத்தது, கை மறுபக்கம் திருப்பியது. பூட்டும் பக்கமாக இறுக்கிப் பிடித்துக்கொண்டான். "இப்ப தள்ளச் சொல்லு!"

நிருசன் குழாயில் கத்தினான். ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி கத்தினான்.

இரும்புக்குள்ளே எங்கோ ஒரு சிறு சத்தம், நகத்தால் தட்டியதுபோல.

சக்கரத்தை மெல்லத் திருப்பினான். வந்தது. கதவு அசைய, புகையோடு சந்திரமதி வெளியே சரிந்தாள். உள்ளங்கையில் இரத்தம், முகமெல்லாம் வேர்வை. அவனைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

"பூட்டினது ஆர்?"

நிருசன் கூரையைப் பார்த்தான்.

"நான்தான்," என்றான் குலேந்திரன்.

அவள் அவன் சட்டையை விடாமல் இறுகப் பற்றியபடி வாசலை நோக்கி, காற்றை நோக்கி நடந்தாள்.