அழுக மறுத்த ஆறு பழங்கள்

லூர்துராணியின் நான்கு வருட ஆராய்ச்சி கடைசியில் பன்னிரண்டு பூவன் பழங்களில் வந்து நின்றது. இறால் ஓட்டிலிருந்து எடுத்த கைட்டோசானைக் கரைத்து, அதில் துத்தநாக ஆக்சைடு நானோ துகள்களைக் கட்டி தட்டாமல் கலக்கி, ஆறு பழங்களை முக்கி உலர்த்தியிருந்தாள். மற்ற ஆறும் வெறும் பழங்கள். பூச்சுப் பூசியவை பத்து நாள் தாங்க வேண்டும். பூசாதவை ஒழுங்காக அழுகித் தொலைய வேண்டும். இது நடந்தால் டாக்டர் பட்டம்.

பூசியவை தாங்கின. பாழாய்ப்போன பூசாதவையும் தாங்கின!

தினமும் ஒன்பது மணிக்கு வந்து பார்ப்பாள். வெறும் பழங்கள் புதுமாப்பிள்ளை மாதிரி மினுமினுக்கும். கரைசலைத் திட்டினாள், ஏசியைத் திட்டினாள். மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றி, "ஆறு பழத்தை அழுக வைங்கம்மா" என்று வேண்டினாள். மாதாவுக்கு இப்படியொரு விண்ணப்பம் அதுவரை வந்திருக்காது.

பதினோராம் நாள் ஆய்வுக் குழு வந்தது. வெளியூர்ப் பேராசிரியர் ஜேக்கப் இரண்டு தட்டுகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பூசாததுதானேம்மா நல்லா இருக்கு? அப்புறம் பூச்சு எதுக்கு?"

பட்டம் போயிற்று என்று லூர்துராணி முடிவே கட்டிவிட்டாள்.

டீ கொண்டுவந்த அமிர்தம் பெருமையாகச் சிரித்தாள். ஸ்ரீரங்கத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, எட்டு மணிக்கெல்லாம் ஆய்வகத்தைக் கூட்டித் துடைத்துவிடுபவள் அவள்.

"நல்லா இல்லாம என்ன சார்? நேத்துதானே மாத்தினேன்."

"எதை மாத்தினீங்க?"

"அந்தத் தட்டுப் பழத்தைத்தான். லேசா கறுத்தாலே எடுத்துட்டு, எங்க கொல்லைப் பூவன் பழத்தை வச்சிடுவேன். மூணு தடவை மாத்தியாச்சு. பாப்பா கஷ்டப்பட்டு வச்சிருக்கு. பெரியவங்க வந்து பாக்கிற இடத்துல அழுகல் பழமா வைக்கிறது?"

பழங்களுக்குள் முகஜாடையா இருக்கிறது, கண்டுபிடிக்க? அமிர்தம் அக்காவைக் கட்டிக்கொள்வதா, கழுத்தை நெரிப்பதா என்று லூர்துராணிக்குப் புரியவில்லை.

ஜேக்கப் பூசிய பழங்களைக் காட்டினார். "இதையும் மாத்தினீங்களா?"

"அதை எதுக்கு சார் மாத்தணும்? அது கெடவே இல்லையே!"

ஜேக்கப் பேனாவை மூடினார். "முடிவுரையை இவங்களே சொல்லிட்டாங்கம்மா. ரூமைப் பூட்டிட்டு இன்னொரு தடவை செஞ்சு காட்டுங்க, போதும். சாவியை மட்டும் இவங்ககிட்ட குடுத்துடாதீங்க."