நான்கு பேராக இருந்த இராஜம்மா வாசு

மலேசியாவில் கிள்ளானை ஒட்டிய பண்டமாரானில் பிறந்து வளர்ந்த ஷாமினிக்குக் கெராங் சிப்பி என்றால் உயிர். அந்தச் சிப்பிக்குள் எவ்வளவு ஈயம் இருக்கிறது என்று அளப்பதே தன் வேலையாகப் போகும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. இப்போது அவள் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆய்வு அதிகாரி. ஸ்ரீ கெம்பாங்கானில் வாடகை வீடு. பேராசிரியர் கார்த்திகேயன் தலைமையில் அவளுடைய குழு, கிள்ளான் ஆறு கடலில் கலக்கும் இடத்துச் சேற்றையும் சிப்பிகளையும் பத்து ஆண்டுகளாக ஆராய்ந்து வந்தது.

அந்த ஆண்டு பேராசிரியர் ஒரு பெரிய காரியத்தில் இறங்கியிருந்தார். அந்தக் கரையைப் பற்றி இதுவரை யார் யார் என்னென்ன எழுதியிருக்கிறார்கள் என்று எல்லாவற்றையும் திரட்டி ஒரே கட்டுரையாக எழுத வேண்டும். குழுவில் இருந்தவர்கள் கண்ணில் பட்ட கட்டுரைகளையெல்லாம் இறக்கி, மேற்கோள்களை நிர்வகிக்கும் மென்பொருளில் கொட்டினார்கள். அது ஒரு பொது நூலகம் மாதிரி. கட்டுரை ஒவ்வொன்றுக்கும் ஆசிரியர், ஆண்டு, தலைப்பு என்று தனித்தனிப் பெட்டிகள். பெட்டிகள் சரியாக இருந்தால், ஒரு பொத்தானை அழுத்தியதும் கட்டுரையின் கடைசியில் வரும் மேற்கோள் பட்டியல் தானாக வந்து நிற்கும். பெட்டிகள் தப்பாக இருந்தால் பட்டியலும் தப்பாகத்தான் வரும். அதைச் சரிபார்க்கும் வேலை ஷாமினியின் தலையில் விழுந்தது. மற்றவர்களுக்கு அது எடுபிடி வேலை. ஷாமினிக்கு அப்படித் தோன்றவில்லை. அலங்கோலமாகக் கிடக்கும் நூலகத்தை ஒழுங்காக்குவதில் அவளுக்கு ஒரு தனி ருசி இருந்தது.

அதில் அவளை மிகவும் படுத்தியது தமிழர் பெயர்கள்தான். மென்பொருள் குடும்பப் பெயருக்கு ஒரு பெட்டியும் சொந்தப் பெயருக்கு ஒரு பெட்டியும் கேட்கிறது. குடும்பப் பெயரே இல்லாதவன் எங்கே போவான்? போதாக்குறைக்கு, மலேசியத் தமிழச்சியின் அடையாள அட்டையில் அவள் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவே, மகள் என்ற பொருளில், மலாய்ச் சுருக்கமாக 'ஏ/பி' என்று வேறு இருக்கும். ஷாமினியின் முதல் கட்டுரை வெளியானபோது அவள் பெயர் 'ஏ/பி, எஸ்.' என்று அச்சாகியிருந்தது. அவளுடைய அப்பா இராமலிங்கம் கைப்பேசியைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு, "எங்கமா என் பேரு? ஏபின்னு எவனோ ஒருத்தன் இருக்கான்!" என்று கேட்டது வீட்டில் பல நாள் சிரிப்பாக ஓடியது.

அதனால்தான் அந்தப் புதன்கிழமை மத்தியானம், ஆசிரியர் பெயர்களை அகரவரிசையில் அடுக்கிக்கொண்டிருந்தவளின் கை சட்டென்று நின்றது.

'டி. ஓ. இராஜம்மா' என்று ஒரு பெயர். எழுபதுகளின் கடைசியில் வந்த கட்டுரைகள். அந்தக் காலத்தில் 'ஏ/பி' இல்லை. மகள் என்பதற்கு ஆங்கிலத்தில் 'டி/ஓ' என்று போடுவார்கள். டியும் ஓவும் இந்த அம்மாளின் இனிஷியலாக மாறிவிட்டன. ஷாமினி மேலும் கீழும் தேடினாள். வேறொரு மூலையில் 'ஆர். வாசு'. இன்னொரு மூலையில் 'ஆர். ஏ. பி. வாசு'. பட்டியலின் தலைமாட்டில், 'ஏ/பி, ஆர்.'

நான்கு பெயர்களின் கட்டுரைகளையும் அவள் திரையில் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்தாள். நான்கிலும் கையால் வரைந்த அதே வரைபடம். மாதிரி எடுத்த இடங்களும் அவையே. சிப்பிகளை ஓர் இரவு முழுக்கச் சுத்தமான கடல்நீரில் போட்டு, சேற்றைக் கக்க விட்ட பிறகே அளந்ததாகச் சொல்லும் அதே வாக்கியம், ஒரு சொல்கூட மாறாமல்.

"அடேயப்பா" என்று வாய்விட்டே சொன்னாள். "எல்லாமே ஒரே அம்மா!"

கட்டுரைகளை ஆண்டு வாரியாக அடுக்கியதும் இன்னொன்று தெரிந்தது. ஒரே கரை, அதே இடங்கள், அதே அளவீடு. இருபது ஆண்டுகளுக்கு மேல் விட்டுப்போகாமல் ஓடியிருந்தது. நாலு பேராகப் பிரிந்து கிடந்தபோது, அங்கொன்றும் இங்கொன்றுமாக யாரோ செய்த சில்லறை ஆய்வுகள் போலத் தெரிந்தவை அவை.

சந்தோஷத்தில் எழுந்து நின்றவள் மெதுவாக உட்கார்ந்தாள். பேராசிரியரின் வரைவில் முதல் பத்தியே, 'இக்கரையில் நீண்டகாலத் தொடர் ஆய்வு இதற்கு முன் நடந்ததில்லை. எங்களுடையதே முதலாவது' என்றுதான் தொடங்கியது. புதிய ஆய்வு நிதிக்கு அவர் எழுதிக் கொடுத்த விண்ணப்பமும் அந்த வாக்கியத்தின் மேல்தான் நின்றது.

முதலில் ஆளைக் கண்டுபிடிப்போம் என்று முடிவு செய்தாள். கடைசிக் கட்டுரையில் ஓர் ஆய்வுக்கூடத்தின் முகவரி இருந்தது. அங்கே கூப்பிட்டு, தன் எண்ணைக் கொடுத்து, அந்த அம்மாளிடம் தகவல் சொல்லச் சொன்னாள். மறுநாளே அழைப்பு வந்தது.

"யாரு லா என்னைத் தேடறது?" என்றது ஒரு கணீர்க் குரல். "சனிக்கிழமை வா. பிரிக்பீல்ட்ஸ்ல மோனோரயில் பக்கத்து ஃபிளாட். பதினோரு மணிக்கு பேட்மிண்டன் மேட்ச் இருக்கு, அதுக்கு முன்னாடி வந்துரு."

வாகன நெரிசலில் மாட்டி, ஷாமினி போய்ச் சேர்ந்தபோது மேட்ச் தொடங்கி வெகுநேரம் ஆகிவிட்டது. கதவைத் திறந்தவருக்கு எழுபத்தைந்து வயதிருக்கும். குட்டையாக வெட்டிய நரைமுடி, டிராக்சூட். "வா வா. மூணாவது கேம். உக்காரு, பேசாத" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நாற்காலிக்குப் போனார். மலேசிய ஜோடி ஜெயித்த பிறகுதான் தொலைக்காட்சி அணைந்தது.

"இப்ப சொல்லு."

"மேடம், நீங்க..."

"ஆன்டின்னு கூப்பிடு, போதும்."

"ஆன்டி, எங்க கம்ப்யூட்டர்ல நீங்க நாலு பேரா இருக்கீங்க."

ஷாமினி மடிக்கணினியைத் திறந்து காட்டினாள். இராஜம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு நான்கு பெயர்களையும் விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். முதலில் சிரித்தார். ஆண்டு வாரியான வரிசை திரையில் வந்ததும் சிரிப்பு நின்றது.

"எம்பத்தெட்டுல பிரிவுத் தலைவர் பதவிக்கு இண்டர்வியூ போனேன்" என்றார். "அவங்க கையில, யார் என்ன பேப்பர் எழுதினாங்கன்னு சொல்ற இண்டெக்ஸ்ல இருந்து எடுத்த பிரிண்ட் இருந்துச்சு. 'உங்களுக்கு பேப்பர் ரொம்பக் கம்மியா இருக்கே'ன்னாங்க. இல்லைங்க, நான் நிறைய எழுதிருக்கேன்னு சொன்னேன். இதுல இல்லையேன்னாங்க. அப்புறம் நான் ஒண்ணும் பேசல. நான் எழுதினதை நானே போய் நிரூபிக்கணுமான்னு ஒரு ரோஷம். திரும்பி வந்து மறுநாளே படகேறிட்டேன். சேத்துக்கு என்ன தெரியும், நான் ஆபீசரா தலைவரான்னு?"

"கோவம் வரலையா ஆன்டி?"

"வராம? நல்லா வந்துச்சு. அந்தக் கோவத்துலதான் ரிட்டயர் ஆகற வரைக்கும் விடாம எடுத்தேன்." மறுபடி திரையைப் பார்த்தார். "ஆனா ஒண்ணு சொல்றேன் கேளு. இதை இப்படி ஒண்ணா நானே பார்த்ததில்ல. இவ்வளவா செஞ்சிருக்கேன்?"

"இவ்வளவும் நீங்கதான் ஆன்டி" என்றாள் ஷாமினி.

பெயரை எப்படிப் பதியலாம் என்று கேட்டாள். வாசுவைக் குடும்பப் பெயராகப் போட்டால் பட்டியலில் 'வாசு, ஆர்.' என்று வரும்.

"வாசு எங்கப்பா. ரயில்வேல தண்டவாளம் போட்டவரு. அவரு பேப்பர் எழுதல, நான்தான் எழுதினேன்" என்றார் இராஜம்மா. கொஞ்சம் யோசித்தார். "ஆனா சின்ன வயசுல என்னை சைக்கிள்ல வச்சு ஸ்கூலுக்கு மிதிச்சது அவருதான். ரெண்டு பேரையும் சேத்தே போடு. இராஜம்மா வாசு. நடுவுல கமா மட்டும் போடாத."

இரண்டு பெட்டிகளை ஒன்றாக்கும் வசதி மென்பொருளில் இருந்தது. ஷாமினி அங்கேயே உட்கார்ந்து ஒவ்வொரு கட்டுரையாகத் திருத்தினாள். இராஜம்மா பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு பெயரும் மாறி ஒரே இடத்தில் வந்து சேர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இடையில் எழுந்து போய்க் காப்பி கலந்து கொண்டுவந்ததோடு சரி.

திங்கட்கிழமை பேராசிரியர் அறையில் காற்று அவ்வளவு சுகமாக இல்லை.

"நாலும் ஒரே ஆளுன்னு எப்படி நிச்சயமா சொல்றே?" என்றார் கார்த்திகேயன்.

"வீட்டுக்கே போய் பேசிட்டு வந்தேன் ப்ரொஃப்."

"நாமதான் ஃபர்ஸ்ட்டுன்னு எழுதிக் கொடுத்திருக்கேன், ஷாமினி. உனக்குத் தெரியும்லா?"

"தெரியும் ப்ரொஃப். ஆனா நாம ஃபர்ஸ்ட் இல்ல."

சொன்ன பிறகுதான், குரல் கொஞ்சமும் நடுங்காமல் சொல்லிவிட்டோம் என்று அவளுக்கே உறைத்தது. அவர் அவளை முறைத்தார். பிறகு எழுந்து கேண்டீன் பக்கம் போய்விட்டார். அரை மணி நேரத்துக்கும் மேல் ஷாமினி தன் இடத்தில் உட்கார்ந்து, வேலை போனால் பண்டமாரானுக்கே திரும்பிவிடலாம் என்று தனக்குத் தானே ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவர் கையில் இரண்டு தே தாரேக் டீப் பொட்டலங்களோடு வந்தார். ஒன்றை அவள் மேசையில் வைத்துவிட்டு, "எழுந்திரு. நான் பார்க்கறேன்" என்று அவள் நாற்காலியில் உட்கார்ந்தார். இராஜம்மாவின் கட்டுரைகளை ஒன்றொன்றாகத் திறந்தார். அவற்றிலிருந்த ஈய அளவுகளைத் தானே தட்டச்சு செய்து, குழுவின் பத்தாண்டு அளவுகளுக்கு முன்னால் சேர்த்து, ஒரே கோடாக வரைந்தார். பழைய கோடு ஏறி, இறங்கி, கொஞ்ச தூர இடைவெளிக்குப் பின் புதிய கோட்டின் வாயிலேயே வந்து நின்றது.

கார்த்திகேயன் நாற்காலியில் சாய்ந்தார்.

"அந்த அம்மா அளந்ததும் நாம அளந்ததும் அப்படியே வந்து சேருது பாரு. ஒரு மிஷின் மாதிரி அளந்திருக்காங்க, ஷாமினி." நிமிர்ந்து உட்கார்ந்து, "முதல் பத்தியைத் தூக்கிடு. விண்ணப்பத்தை நானே மாத்தி அனுப்பறேன். நாம ரெண்டாவதுதான். இருக்கட்டும். பத்து வருஷக் கதையா இருந்தது இப்ப நாப்பது வருஷக் கதை ஆயிடுச்சே!" என்றார். இராஜம்மா சம்மதித்தால் அவரும் கட்டுரையாசிரியர்களில் ஒருவராக வேண்டும் என்பதும் பேராசிரியரின் யோசனைதான்.

கோலாலம்பூரில் நடந்த மாநாட்டில் அந்தக் கட்டுரையை வாசிக்கும் பொறுப்பு ஷாமினிக்குக் கிடைத்தது. அப்பாவும் அம்மாவும் பண்டமாரானிலிருந்து வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் இராஜம்மா, ஊதா நிறப் பட்டுப் புடவையில், விளையாட்டுக் காலணியோடு.

நாற்பதாண்டுக் கோடு திரையில் விரிந்தபோது அரங்கில் ஒரு சலசலப்பு எழுந்தது. கேள்வி நேரத்தில் ஜகார்த்தாவிலிருந்து வந்திருந்த ஒரு பேராசிரியர் எழுந்தார். முகத்தில் ஒரே குழப்பம். "என் முனைவர் பட்ட ஆய்வில், வாசு என்பவரின் முடிவுகளை ஏ.பி. என்ற இன்னொருவர் தனியாக ஆராய்ந்து உறுதிப்படுத்தியிருக்கிறார் என்று ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கிறேனே!" என்றார் ஆங்கிலத்தில்.

அரங்கம் சிரித்தது. இராஜம்மா கையை நீட்டி மைக்கை வாங்கிக்கொண்டார்.

"எனக்கு நானே சாட்சி சொல்லியிருக்கிறேன் போல" என்று தொடங்கினார், அவரும் ஆங்கிலத்தில்தான். "பரவாயில்லை. இரண்டு சாட்சிகளும் பொய் சொல்லவில்லை."

இன்னொருவர், எண்பதுகளின் நடுவில் அந்தக் கோடு ஏன் திடீரென்று இறங்குகிறது, அளவீட்டுப் பிழையா என்று கேட்டார். ஷாமினி பதிலுக்குத் தடுமாறியபோது இராஜம்மா மைக்கைத் திருப்பித் தராமலேயே பேசினார். அந்த ஆண்டுகளில் உலோக வேலை மந்தமாகி, ஆற்றோரத்துப் பட்டறைகள் பல அடைத்துக் கிடந்ததை, எந்தப் பட்டறையின் கழிவு எந்த வளைவில் ஆற்றில் கலந்தது என்பதோடு சேர்த்துச் சொன்னார். "பிழை இல்லை. நான் மூன்று முறை அளந்தேன். சந்தேகம் இருந்தால் இன்னும் ஒரு முறை வந்து அளப்பேன், படகு மட்டும் கொடுங்கள்."

கைத்தட்டல் எழுந்தது. முதலில் எழுந்து நின்றவர் கார்த்திகேயன். பிறகு வரிசை வரிசையாக எல்லோரும் எழுந்தார்கள். இராஜம்மா நிமிர்ந்து நின்று அதை வாங்கிக்கொண்டார். கும்பிடவும் இல்லை, கண் கலங்கவும் இல்லை. தனக்குச் சேர வேண்டியது வந்து சேர்ந்தது என்பது போல லேசாகத் தலையை மட்டும் ஆட்டினார். தன் பெயருக்குக் கைதட்டியிருந்தால்கூட இவ்வளவு பெருமையாக இருந்திருக்காது என்று மேடையில் நின்ற ஷாமினி நினைத்தாள்.

மாலையில் அப்பாவின் காரில் இராஜம்மாவைப் பிரிக்பீல்ட்ஸில் விடப் போனார்கள். கார் நின்ற பிறகும் அவர் இறங்கவில்லை.

"அந்த சாஃப்ட்வேர் என் கம்ப்யூட்டர்லயும் ஓடுமா?"

"ஓடும் ஆன்டி. ஃப்ரீதான். எதுக்கு?"

"கடைசி மூணு வருஷ டேட்டாவை நான் எழுதவே இல்ல. ரிட்டயர் ஆயிட்டேன், யாரு படிக்கப் போறான்னு விட்டுட்டேன்." கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தார். "அடுத்த வாரம் வந்து போட்டுக் குடு. கொஞ்சம் சீக்கிரமா வா லா, ரெண்டு பேரும் எழுத ஆரம்பிச்சிரலாம்."