சாம்பிள் இலையும் மூட்டை இலையும்

எங்கள் தாய்மாமா மூலிகை மொத்த வியாபாரி. கடைக்குள் தலை நீட்டியவரை வெறுங்கையோடு அனுப்பியதாகச் சரித்திரமே கிடையாது. அக்கா ஆராய்ச்சிக்குக் கீழாநெல்லி கேட்டபோதும் லாபம் வைத்துத்தான் விற்றார். சொந்தம் வேறு, தராசு வேறு.

பூசணம் பிடித்த கடலையில் ஊறும் நஞ்சு ஈரல் செல்களைக் கொல்கிறது. கீழாநெல்லிச் சாறு கொடுத்தால் அவை தப்புமா? இதுதான் அக்காவின் கேள்வி. மஞ்சள் சாயம் ஊற்றினால் உயிருள்ள செல் அதை ஊதாவாக்கும். செத்த செல் மஞ்சளாகவே விட்டுவிடும். முதல் தடவை, மாமா பார்க்கக் கொடுத்த சின்னப் பொட்டலத்து இலையில் ஊதாவோ ஊதா! துள்ளிக் குதித்தவள் மாமாவிடம் மூட்டையாக வாங்கி மறுபடி செய்தாள். ஒரே மஞ்சள்.

"இன்னொரு தடவை பாரு. வரலைன்னா ஆய்வேட்டுல இந்த அத்தியாயமே வேண்டாம்" என்றுவிட்டார் பேராசிரியர். வருஷக்கணக்கான உழைப்பு அம்போ!

அக்கா முதல் பொட்டலத்தில் மிச்சமிருந்த இலையையும் மூட்டை இலையையும் பக்கத்தில் பக்கத்தில் கொட்டினாள். ஒன்று பச்சை, மற்றது பழுப்பு. அடுத்த நொடி என் முதுகில் பளாரென்று ஒரு அடி.

"டேய்! இந்தக் குடும்பத்துல பொறந்து நானே ஏமாந்தேனேடா! முதல்ல வந்தது சாம்பிள்!"

ஓடினோம். கடை நிறைய வாடிக்கையாளர்கள்.

"மாமா, சாம்பிளும் மூட்டையும் ஒரே சரக்கா?"

"என்ன கேள்வி மருமகளே! ஒரே செடி, ஒரே மண்ணு!"

"அப்ப மூட்டை வேண்டாம். சாம்பிளே ஒரு கிலோ குடுங்க."

"ஒரு கிலோ சாம்பிளா? எந்த ஊர் நியாயம் இது?"

"ரெண்டும் ஒண்ணுதானே? சாம்பிளுக்குத்தான் நீங்க காசே வாங்க மாட்டீங்களே."

கூட்டம் சிரித்தது. நான் பையை அகல விரித்தேன். மாமா சாம்பிள் இலை வைத்திருந்த கண்ணாடி ஜாடியைக் கவிழ்த்தபடியே முணுமுணுத்தார்: "கைக்குழந்தையிலேர்ந்து கல்லாப்பெட்டி மேல உக்கார வெச்சேன் பாரு, என்னைச் சொல்லணும்."

அந்தக் கடைசிச் சோதனையின் முடிவு தெரியும் நாளன்று ஆய்வகத்துக்கு அவரும் வந்துவிட்டார். ஓசியில் போன சரக்கின் கதி தெரிய வேண்டாமா?

குழித்தட்டில் மூன்று வரிசை. நஞ்சு மட்டும் போட்டது மஞ்சள். நஞ்சோடு மூட்டை இலைச் சாறு சேர்த்ததும் மஞ்சள். சாம்பிள் வரிசையில்... குழிக்குக் குழி ஊதா! அக்கா போட்ட கூச்சலில் பக்கத்து அறைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"ஈரலைக் காப்பாத்துற இலைன்னு கடையில போர்டு மாட்டிடவா?" மாமாவுக்குக் கை பரபரத்தது.

"தட்டுலதான் பிழைச்சிருக்கு மாமா. மனுஷங்க விஷயம் இன்னும் எவ்வளவோ தூரம். போர்டு மாட்டினா நானே வந்து கழட்டுவேன். இப்ப சொல்லுங்க, எப்படிக் காய வெச்சீங்க? அதை எழுதலைன்னா வேற யாரு செஞ்சாலும் இந்த ஊதா வராது."

மாமா கதவைப் பார்த்தார். வாடிக்கையாளர் யாருமில்லை. குரலை இறக்கினார்.

"சாம்பிள் நிழல்ல. மூட்டை மொட்டை வெயில்ல, தார் ரோட்டு மேல."

அக்கா அவரைக் கட்டிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினாள். அவர் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்:

"எழுதிக்க தாயி, தாராளமா எழுதிக்க. ஆனா வெயில் இலை மட்டும் எதிர்க்கடையில வாங்கினதுன்னு எழுது."