பாஸ்போர்

சட்டி கழுவிக்கொண்டிருந்த சிவனேஸ்வரி குசினிச் சன்னலால் எட்டிப் பார்த்தபோது, ராக்கியா மேடைக்குப் பின்னால் காசுகள் கோத்த இடுப்புத் துணியை வேண்டாவெறுப்பாகக் கட்டிக்கொண்டிருந்தாள். ஐம்பது வயதுப் பாட்டுக்காரிக்கு இடுப்பாட்டமாம்! மொரோக்கோவில் அவள் வாய் திறந்தால் கல்யாண வீடே அழும், சிரிக்கும். கேட்பவர் முகம் பார்த்து, பழைய பாட்டுக்குள் அன்றைய கதையை நுழைத்துப் பாடுவதுதான் அங்கே அவள் தொழில். மெல்போர்ணில் இந்தச் சாப்பாட்டுக் கடைக்கு மூன்று மாதம் என்று வந்தவள். எழுபத்தேழாம் ஆண்டும் பிறந்துவிட்டது, இப்போது இரண்டு வருடம். பாஸ்போர்ட், அவள் வாயில் 'பாஸ்போர்', முதலாளியின் மேசை லாச்சிக்குள் பூட்டிக் கிடந்தது. சாவி அவன் இடுப்பில்.

"மகளுக்கு வாற மாசம் கலியாணம். தாயில்லாமல் நடக்கப் போகுது," என்றாள் ராக்கியா. இருவருக்கும் ஓட்டை இங்கிலீசுதான். சிவனேஸ்வரியின் காதில் அது யாழ்ப்பாணத் தமிழாகவே விழும்.

சிவனேஸ்வரி முதலாளியிடம் போய்க் கேட்கலாம்தான். ஆனால் அவளுடைய விசாவுக்குக் கடிதம் கொடுத்தவனும் அதே பாவிதான். தன் பயத்தை நினைக்க அவளுக்கே வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தில் வாய் ஒரு யோசனை சொன்னது.

"அக்கா, பாட்டுக்குள்ள வைச்சுச் சொல்லுங்கோவன். இவ்வளவு சனத்தில ஒருத்தராவது எழும்பி என்னெண்டு கேக்கமாட்டினமே?"

"உங்கட ஊரிலையும் அப்பிடிக் கேப்பினமோ?"

"ஓம்," என்றாள் சிவனேஸ்வரி. பொய்தான்.

ஞாயிறு மத்தியானம் கடை நிரம்பி வழிந்தது. ராக்கியா ஆடவில்லை. நடு மேடையில் நின்று, காதோரம் கையை வைத்து, அடிவயிற்றிலிருந்து குரலெடுத்தாள். கரண்டிச் சத்தம் அடங்கியது. தன் மொழியில் வரி வரியாய் ஏறிப்போய், கடைசியில் முதலாளியை நேராகப் பார்த்தாள்.

"பாஸ்போர்! ஆ... பாஸ்போர்!"

சிவனேஸ்வரி சன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள். முன் மேசையில் ஒருவன் எழும்பினான். கடவுளே, கேட்கப் போகிறான்!

"பாஸ்போர்!" என்று கத்தினான் அவன், கிளாசை உயர்த்தி.

கடையே சிரித்தது. பிறகு எல்லா மேசையும் பிடித்துக்கொண்டது. பாஸ்போர், பாஸ்போர்! கைதட்டல் மேளத்துக்குச் சரியாக விழுந்தது.

முதலாளிக்கு வாயெல்லாம் பல். இடுப்பிலிருந்து சாவிக்கொத்தைக் கழற்றித் தாளத்துக்குக் குலுக்கினான். ஒற்றை விரலைத் தூக்கிக் காட்டினான், இன்னொருக்கால் பாடு என்று.

ராக்கியா குசினிச் சன்னலைப் பார்த்தாள். சாவிகள் குலுங்கிக்கொண்டேயிருந்தன. அவள் கையை மறுபடி காதோரம் கொண்டுபோனாள்.