நாலாவது வயல்

தண்ணீர் பாதி வாய்க்காலில் போய்க்கொண்டிருக்கும்போதே மருதுபாண்டி ஆயில் எஞ்சினை நிறுத்திவிட்டான். மக்காச்சோளத்துக்குள் மண்வெட்டியோடு நின்றிருந்த மாயக்காளுக்கு முதலில் டீசல் தீர்ந்துபோய்விட்டது என்றுதான் பட்டது. வெளியே வந்து பார்த்தால், கொழுந்தன் பண்ணைக்குட்டைக் கரையில் குந்தி ஹோஸைச் சுருட்டிக்கொண்டிருந்தான். அவளை ஏறிட்டுப் பார்க்கவில்லை. அண்ணன் செத்துப்போன இந்த ஆறு வருஷத்தில் எஞ்சினைத் தரமாட்டேன் என்று ஒரு தடவைகூடச் சொன்னவனில்லை அவன். எத்தனையோ நாள் தன் டீசலையே ஊற்றி ஓட்டிவிட்டிருக்கிறான்.

"என்னப்பா, இன்னும் நாலு பாத்திதான கெடக்கு."

"போதும் மதினி. ஊர்ல என்னைய வையிறாக. எனக்கும் மூணு ஏக்கர் கருகிக் கெடக்கு. நானே எஞ்சினைக் கொண்டாந்து எந்தலையில மண்ணை அள்ளிப் போட்டுக்கிற முடியுமா?"

எஞ்சினை டிவிஎஸ் வண்டியின் பின்னால் வைத்துக் கயிற்றால் இறுக்கினான். கிளம்பும்போது மட்டும், "நீங்களும் கொஞ்சம் ரோசிங்க மதினி" என்றான். அவன் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை என்பதுதான் மாயக்காளை ரொம்பப் படுத்தியது.

விஷயம் இதுதான். புரட்டாசியில் விதைப்பு முடிந்த கையோடு வேளாண்மை ஆபீஸிலிருந்து அருண்பாண்டியன் என்ற பையன் பரளச்சிப் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் வந்தான். பயிர் இன்சூரன்ஸுக்கு ஊர் ஊராக நாலு வயலைக் கம்ப்யூட்டரே பொறுக்கியிருந்தது. கதிர் முற்றியதும் அந்த நாலு வயலிலும் ஐந்து மீட்டர் சதுரத்துக்குக் கயிறு கட்டி, உள்ளே இருக்கும் கதிரை மட்டும் அறுத்து எடை போடுவார்கள். நாலையும் சேர்த்துச் சராசரி பார்த்து, அவர்கள் வைத்திருக்கும் அளவுக்குக் கீழே வந்தால் ஊர் முழுவதற்கும் நிவாரணம். மேலே வந்தால் ஊரில் ஒருவருக்கும் ஒன்றும் கிடையாது. அந்த நாலில் ஒன்று மாயக்காளின் அரை ஏக்கர் கரிசல்.

அன்றைக்கு ஊரே அவளைக் கேலி பண்ணியது. மாயக்காளுக்கு லாட்டரி விழுந்திருக்கிறது, இனி ஆபீசர்களுக்குக் காப்பி போட்டே அவள் கை ஓய்ந்துவிடும் என்றார்கள். அவளும் சிரித்தாள். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. முப்பது வருஷமாக அந்த மண்ணில் முதுகு ஒடிந்தவள், அவள் வயலைப் பார்க்க வேண்டும் என்று எந்த ஆபீஸிலிருந்தும் யாரும் வந்ததில்லை. வருகிறவன் முகம் சுளிக்கும்படி வயல் கிடக்கக்கூடாது என்று வழக்கத்தைவிட ஒரு களை கூடுதலாக எடுத்தாள்.

ஐப்பசியில் ரெண்டு மழை. அத்தோடு வானம் கதவைச் சாத்திக்கொண்டது. கார்த்திகை முழுக்கத் திருச்சுழிப் பக்கம் கறுத்து வரும், இங்கே வந்ததும் கலைந்துவிடும். நாலு வயலில் ஒன்று முழங்கால் உயரத்திலேயே காய்ந்து சருகாயிற்று. ஓடையை ஒட்டிய ரெண்டு வயலும் அரைகுறையாகத் தேறின. மிச்சம் மாயக்காளின் வயல். அது செத்தால் நிவாரணம் வரும், பிழைத்தால் வராது என்று ஊர் மனக்கணக்குப் போட்டு முடித்துவிட்டது. அவள் வயலின் மூலையில் அரசாங்கம் வெட்டிக் கொடுத்த பண்ணைக்குட்டையில் இடுப்பளவு தண்ணீர் கிடந்தது. ஊர்க்காரர்களுக்கு இப்போது அந்தத் தண்ணீரைப் பார்த்தால்தான் வயிறு எரிந்தது.

அவளை யாரும் எதையும் செய்யச் சொல்லவில்லை. பொய்க் கையெழுத்துப் போடச் சொல்லவில்லை, யாரிடமும் போய் மாற்றிப் பேசச் சொல்லவில்லை. ஒரு இருபது நாள் சும்மா இரு என்றுதான் கேட்டார்கள். வாழ்க்கையில் அவளுக்கு வராத ஒரே வேலை அதுதான்.

ரேஷன் கடை வரிசையில் அவள் காதுபடவே பேசினார்கள். "நல்ல உழைப்பாளிதான். ஊரைக் குழியில எறக்குற உழைப்பு" என்றாள் ஒருத்தி. "அவளுக்கென்ன, அரை ஏக்கர், ஒத்த வயிறு. நமக்கு அப்பிடியா" என்றாள் இன்னொருத்தி. திருப்பூரிலிருந்து மகன் முகேஷ் போன் போட்டு, "ஊரோட ஒத்துப் போம்மா, நாளைக்கு நல்லது கெட்டதுக்கு நாலு பேரு வேணும்ல" என்றான். அவனுக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். மாயக்காள் சரி சரி என்று கேட்டுவிட்டு, போனை வைத்ததும் குடத்தை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனாள்.

எஞ்சின் இல்லாமல் அரை ஏக்கருக்குக் குடத்தால் ஊற்றுவது என்பது கிறுக்குத்தனம். அது அவளுக்கும் தெரியும். குட்டைக்குள் இறங்கி மொண்டு, சரிவில் ஏறி, செடிக்குச் செடி தூரில் ஒரு கை தண்ணீர். ஒரு குடம் இருபது தூருக்கு வரும். விடிந்ததிலிருந்து வெயில் ஏறும்வரை, அப்புறம் சாயங்காலம். ராத்திரி படுத்தால் இடுப்பு தனியாகக் கழன்று கிடக்கிற மாதிரி இருக்கும். ஏன் செய்கிறோம் என்று அவளே தன்னை எத்தனையோ முறை கேட்டுப் பார்த்தாள். நல்லவள் என்று பேர் வாங்கவா? அந்தப் பேர்தான் போயே போய்விட்டது. சோளம் விற்று மாளிகை கட்டவா? கதிர் பால் பிடிக்கிற நேரம், இலை சுருண்டு நிற்கிறது, பத்தடியில் தண்ணீர் கிடக்கிறது. அதற்கு மேல் அவளுக்கு யோசனை ஓடவில்லை.

மார்கழி கடைசியில் செல்வலட்சுமி வந்தாள். பக்கத்து வீட்டுக்காரி, பத்து வயது இளையவள், களையெடுப்புக்கும் நூறு நாள் வேலைக்கும் மாயக்காளோடு ஒரே நிரையில் நின்றவள். புருஷனும் அவளுமாக நாலு ஏக்கரைக் குத்தகைக்குப் பிடித்து எல்லாம் பாழாய்ப் போயிருந்தது. மகள் பாண்டீஸ்வரி அருப்புக்கோட்டையில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள், ரெண்டாம் வருஷம். செல்வலட்சுமி வரப்பில் உட்கார்ந்தாள். மாயக்காள் நாலு குடம் ஊற்றி முடித்தாள்.

"யக்கா, தைக்குள்ள பீஸைக் கட்டலைன்னா பிள்ளையக் கூப்பிட்டுக்கிருங்கன்னு சொல்லிட்டாக. நிவாரணம் வரும்னு தெரிஞ்சா கடன் குடுக்க ஆளு இருக்கு."

மாயக்காள் குடத்தைக் கீழே வைத்தாள்.

"உன்னைய ஒண்ணும் கேக்கலக்கா. இந்த வயலுக்கு ஆகுற நட்டத்தை நாங்க எல்லாம் சேந்துகூடக் குடுத்துருவோம். நீ வீட்டுல இரு. அம்புட்டுத்தான்."

பாண்டீஸ்வரிக்குக் காது குத்தியபோது மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டவள் மாயக்காள்தான். "சரித்தா, நாளையிலருந்து வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். மனசாரத்தான் சொன்னாள்.

மூன்று நாள் வீட்டில் இருந்தாள். முதல் நாள் பானைகளை எல்லாம் இறக்கிக் கழுவினாள். ரெண்டாம் நாள் ஒரு கிழிந்த சாக்கைத் தைத்தாள், அது ஏற்கெனவே தைத்த சாக்கு. மூன்றாம் நாள் ஊரில் எல்லோரும் அவளிடம் சிரித்துப் பேசினார்கள். மருதுபாண்டி வந்து, "சாப்பிட்டீகளா மதினி" என்று கேட்டான். அந்த அன்பு அவளுக்குத் தொண்டையில் இறங்கவில்லை. நாலாம் நாள் விடிகாலை, போய்ப் பார்த்துவிட்டு மட்டும் வருவோம் என்று போனாள். மேல்பக்க நிரைகளில் இலை குழலாகச் சுருண்டு, கதிர் நுனி வெளுத்துத் தொங்கியது. வயலின் நடுவில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். பயிருக்காக அழுதாளா, செல்வலட்சுமி மகளுக்காக அழுதாளா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியாது. அப்புறம் வீட்டுக்குப் போய்க் குடத்தை எடுத்து வந்தாள்.

அன்றிலிருந்து அவளோடு யாரும் பேசவில்லை. செல்வலட்சுமி வாசலில் பார்த்தால் உள்ளே போய்விடுவாள். மாயக்காளும் யாரையும் குறை சொல்லவில்லை. தான் செய்வது நியாயம் என்று அவளுக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

தை பத்தாம் தேதி அருண்பாண்டியன் அறுத்துப் பார்க்க வருகிறான் என்று சேதி வந்தது. அன்று காலை மாயக்காள் வயலுக்குப் போனபோது முள்வேலி ஒரு பக்கம் ஒதுக்கிப் போடப்பட்டிருந்தது. உள்ளே வயல் என்று ஒன்றும் இல்லை. தட்டைகள் மிதிபட்டுக் கிடந்தன, கதிர்கள் பாதி பாதியாகக் கடிபட்டுக் கிடந்தன, நடுவில் பச்சைச் சாணி. குட்டையை ஒட்டிய மூலையில் ஒரு நிரை மட்டும் என்னவோ தப்பித்து நின்றது. விழுந்து கிடந்த ஒரு தட்டையைத் தூக்கி நிறுத்திப் பார்த்தாள். அது மறுபடி சாய்ந்தது.

பத்து மணிக்கு அருண்பாண்டியன் இன்சூரன்ஸ்காரப் பையன் ஒருவனோடு வந்தான். பின்னாலேயே ஊர் வந்தது. முகத்தில் வருத்தத்தை ஒட்டிக்கொண்டுதான் எல்லோரும் வந்தார்கள். ஓடைப்பக்கத்து ரெண்டு வயலையும் அறுத்து எடை போட்டாயிற்று, இங்கே ஒன்றுமில்லை என்று எழுதிவிட்டால் வேலை முடிந்தது என்ற நிம்மதி அந்த வருத்தத்துக்கு அடியில் தெரிந்தது.

அருண்பாண்டியன் சுற்றிப் பார்த்தான். கையில் இருந்த லிஸ்டைப் புரட்டினான்.

"மாடு மேஞ்ச வயலைக் கணக்குல எடுக்க முடியாதுங்க. வறட்சியில போயிருந்தா சைபர்னு எழுதலாம். இது அப்படி இல்ல. இதுக்கு மாத்து வயல் ஒண்ணு முதல்லயே குடுத்திருக்காங்க."

"எது சார்?" என்றான் மருதுபாண்டி.

அருண்பாண்டியன் சர்வே நம்பரைப் படித்தான். வீரசோழனில் கடை வைத்திருக்கும் அப்துல் கனி ரெண்டு வருஷத்துக்கு முன்னால் வாங்கிய நிலம். போர் போட்டு, சொட்டு நீர் விட்டு, ஆள் உயரத்துக்கு மேல் சோளம் நிற்கிறது. மருதுபாண்டி ரெண்டு அடி முன்னால் வந்தான்.

"சார், அது போர்த் தண்ணி சார். நாங்க எல்லாம் மானாவாரி."

"நம்பர் வந்திருக்குங்க. நான் மாத்த முடியாது."

அவன் மனசு கேட்காமல் மாயக்காளிடம் வந்தான். மிச்சம் நின்ற நிரையில் ஒரு கதிரின் தோகையை உரித்துப் பார்த்தான். பாதி வரைக்கும்தான் மணி இருந்தது. மேலே வெறும் தக்கை.

"குடத்துலயா ஊத்துனீங்க?" என்றான். அவள் தலையாட்டினாள். "இது நின்னிருந்தாலும் அளவைத் தொட்டிருக்காதும்மா. ஊருக்கு வர வேண்டியது வந்திருக்கும்."

மாயக்காள் அந்தக் கதிரை அவன் கையிலிருந்து வாங்கிப் பார்த்தாள். இத்தனை நாள் இத்தனை குடம் சுமந்து விளைந்தது இவ்வளவுதான். ஊரைக் கெடுக்கிற அளவுக்குக்கூட அவள் உழைப்புக்குத் தெம்பு இல்லை. ஊர்ப்பேச்சு முழுவதையும் தாங்கியவளுக்கு இதைத்தான் தாங்க முடியவில்லை.

பின்னால் பேச்சு கிளம்பியது. அருண்பாண்டியன் சொன்னது எல்லோர் காதிலும் விழுந்திருந்தது, ஆனாலும் யாரையாவது ஏசித்தானே ஆக வேண்டும். "அன்னைக்கே காயவிட்டுருந்தா மாடு ஏன் எறங்குது? பச்சையா நின்னதுனாலதான எறங்குச்சு" என்றது ஒரு குரல். எல்லோரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். மருதுபாண்டி மட்டும் தலையைக் குனிந்துகொண்டு அப்துல் கனியின் நிலத்துக்கு வழி காட்டப் போனான். மத்தியானத்துக்குள் அங்கே எடை போட்டு முடித்து, போட்டோ எடுத்து அனுப்பியாயிற்று. அந்த வருஷத்துக்கு ஊருக்கு நிவாரணம் இல்லை.

வெயில் தாழ்ந்த நேரம் செல்வலட்சுமி வயலுக்கு வந்தாள். மாயக்காள் ஒடிந்த தட்டைகளைப் பொறுக்கி ஓரமாக அடுக்கிக்கொண்டிருந்தாள். செல்வலட்சுமி வரப்பிலேயே நின்றாள்.

"யக்கா, எங்க மாடுதான்."

"தெரியும். முன்னங்காலு ஒருக்களிச்சு மிதிக்கிற மாடு ஊர்ல ஒண்ணுதான் இருக்கு."

"தானா அவுந்து வரல. நாந்தான் கொண்டாந்து விட்டேன்." வரப்பிலேயே குந்திக்கொண்டு, "பிள்ளைக்குப் போன் போட்டுட்டேன். நாளைக்கு பஸ் ஏறி வந்துரும்" என்றாள்.

மாயக்காள் கையில் இருந்த தட்டைகளை அடுக்கி வைத்தாள். நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னைக்கு எம்புட்டுக் கறந்துச்சு?"

செல்வலட்சுமிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் முகம் கோணிக்கொண்டு போனது. "மூணு லிட்டரு. ஒண்ணரைக்கு மேல கறந்து ரெண்டு மாசமாச்சு" என்று சொல்லி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

மாயக்காள் எடையைக் கேட்டுக்கொள்கிறவள் போலத் தலையை ஆட்டினாள். அப்புறம் குட்டைக்குள் இறங்கினாள். தண்ணீர் கணுக்காலுக்கு வந்திருந்தது. சேற்றைக் கையால் ஒதுக்கி, குடத்தின் வாயைப் பக்கவாட்டில் அமுக்கி, அது நிறையும்வரை குனிந்து நின்றாள். மேலே ஏறி வந்து, தப்பித்த நிரையின் முதல் தூரில் சாய்த்தாள். கலங்கல் தண்ணீர் தூரைச் சுற்றி நிற்காமல் பக்கத்து வெடிப்புக்குள் புகுந்தது. உள்ளே எங்கோ அது இறங்கிப் போகிற சத்தம் கேட்டது. அவள் குடத்தை நிமிர்த்தாமல் சாய்த்துக்கொண்டே நின்றாள்.