துணி மேல் போட்ட பழி

ஒருத்தர் சொறிந்தால் பார்க்கிறவருக்கும் கை தானாகப் போகும். தையற்கூடத்தில் அன்று காலை அதுதான் நடந்துகொண்டிருந்தது. பொத்தான் தைப்பதாலேயே பொத்தான் அக்கா என்று பெயர் வாங்கியவள் முழங்கையை மேசை விளிம்பில் யாருக்கும் தெரியாமல் தேய்த்தாள். எதிர் மெஷினில் இருந்தவள் உடனே கழுத்தைப் பறண்டினாள். ஊர்க்கதையெல்லாம் ஓயாமல் சொல்வதால் அவளுக்கு வானொலி என்று பெயர். அவளைப் பார்த்து இஸ்திரிக்காரர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு முதுகைச் சுவரில் உரசினார். வெளியாள் யாராவது எட்டிப் பார்த்திருந்தால் வாய்விட்டுச் சிரித்திருப்பார்கள். உள்ளே யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

இதற்கெல்லாம் பிள்ளையார் சுழி போட்டது பொத்தான் அக்காதான். போன வாரம் வானொலி, "என்னக்கா, இப்படி சொறியறீங்க?" என்று கேட்டபோது, கைக்கு எட்டிய பொய்யாக, புதிதாக வந்திருந்த சாம்பல் துணிக் கட்டைக் காட்டிவிட்டாள். "இந்தத் துணிதான் ஒத்துக்கல போல." துணி வாய் திறந்து பேசாது என்ற தைரியம். மதியத்துக்குள் கூடம் முழுக்க அரிப்பு. கட்டைப் பிரித்து வெந்நீரில் அலசி வெயிலில் காயப்போட்டார்கள். அரிப்பு போகவில்லை. அப்போதுதான் வானொலிக்கு ஞானம் பிறந்தது. துணி வந்த அதே நாளில்தான் எல்லோரும் புதுசு என்று கூப்பிடும் பெண்ணும் வேலைக்கு வந்தாள்.

புதுசு அதிகம் பேசமாட்டாள். காலர் தைத்தால் முனை கத்தி மாதிரி நிற்கும். இரண்டு நாளாக அவளுடைய ஸ்டூலை வாசல் ஓரம் தள்ளிப் போட்டிருந்தார்கள். அவள் தொட்ட கத்தரிக்கோலை வானொலி துணியால் சுற்றி எடுத்தாள். அவளும் கேட்கவில்லை. பள்ளிக்கூடம் போகும் மகளோடு தனியாக இருப்பவளுக்கு ரோஷப்பட எல்லாம் வசதி ஏது.

பொத்தான் அக்காவின் முழுக்கைச் சட்டைக்குள் இரண்டு கைகளிலும் சின்னச் சின்னக் கொப்புளங்கள், சொறிந்து சொறிந்து கறுத்த தழும்புகள். எச்.ஐ.வி. என்று தெரிந்து மாத்திரை ஆரம்பித்த பிறகு அரிப்பு குறையும் என்று நினைத்தாள், கூடியது. பயந்துபோய் மாத்திரையையே நிறுத்திவிடலாமா என்று கேட்டபோது கிளினிக் நர்ஸ் கையுறை போடாமல் அவள் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

"நிறுத்திடாதீங்கம்மா. உடம்புல இருக்கிற காவல்காரன் இப்பத்தான் கண்ணு முழிச்சிருக்கான். தூக்கக் கலக்கத்துல எதிர்ல வர்றவனையெல்லாம் அடிக்கறான். சில பேருக்கு இப்படி வரும், அடங்கிடும். களிம்பு தர்றோம். இந்த அரிப்பு யாருக்கும் தொத்தாது."

யாருக்கும் தொத்தாது. ஆனால் கூடமே சொறிகிறதே! அதை நினைத்து அவளுக்கு ஒருமுறை அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

மதியம் முதலாளியம்மா வந்து வாசலிலேயே நின்றார். கெட்டவர் இல்லை, தலைவலியை யாராவது தூக்கிக்கொண்டு போனால் போதும் என்று நினைப்பவர்.

"கோவிச்சுக்காதம்மா," என்றார் புதுசிடம். "எல்லாரும் சொல்றாங்க. நீ இன்னையோட நின்னுக்கோ."

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா. வேணும்னா பாருங்க." புதுசு இரண்டு கைகளையும் நீட்டினாள். வழவழவென்று சுத்தமான கைகள். யாரும் பக்கத்தில் போய்ப் பார்க்கவில்லை.

பொத்தான் அக்கா தன் சட்டையின் முழுக்கையைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தால் போதும், புதுசு போய்விடுவாள். வேலை, வீடு, காலையில் வானொலி ஊற்றித் தரும் டீ, எல்லாம் அப்படியே இருக்கும். பிறகு அடுத்த அரிப்புக்கு யாரைக் காட்டுவது? அவளுக்குத் தன் மேலேயே வெறுப்பாக இருந்தது.

எழுந்தாள். மணிக்கட்டுப் பொத்தானைக் கழற்றினாள். ஆயிரக்கணக்கில் பொத்தான் தைத்த விரல்கள் ஒன்றைக் கழற்ற அப்படித் தடுமாறின. சட்டைக் கையை மடித்து மடித்துத் தோள்வரை ஏற்றினாள்.

"அவள விட்டுடுங்கம்மா. அரிப்பு எனக்குத்தான். துணி மேல பழி போட்டதும் நான்தான். இது தொத்தாது. நீங்கள்லாம் என்னப் பாத்து சொறியறீங்க, அவ்வளவுதான்."

வானொலி மெஷினைத் தாண்டி எட்டிப் பார்த்தாள். "என்னக்கா இது?"

ஒவ்வாமை என்று சொல்லித் தப்பிக்கலாம். அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்தது. இன்னொரு பொய் சொன்னாலும், புதுசு தொட்ட கத்தரிக்கோலை வானொலி துணி சுற்றித்தான் எடுப்பாள்.

"எச்.ஐ.வி.," என்றாள். "மாத்திரை சாப்பிடறேன்."

மெஷின்கள் நின்றன. கூடத்தில் ஒரு கைகூட அசையவில்லை; அந்த வாரத்தில் முதன்முறையாக யாரும் சொறியவில்லை. பொத்தான் அக்கா உட்கார்ந்தாள். சட்டைக் கையை இறக்கிவிடவில்லை. பின்னால் வாசல் பக்கம் தரையில் புதுசின் ஸ்டூல் இழுபடும் சத்தம் கேட்டது. அது உள்ளே வருகிறதா வெளியே போகிறதா என்று திரும்பிப் பார்க்காமல், நூல் முனையை ஈரப்படுத்தி ஊசிக்கு நேராகப் பிடித்தாள்.