பாதித் தலை

சலூன்காரரின் நாக்குக்குக் கடையில் ஓய்வே கிடையாது. தலையைக் கொடுத்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் வெளியே வருவார்கள். அதே மனிதர் வீட்டுப் படியேறினால் வாய்க்குப் பூட்டு. மனைவி இறந்துபோன இந்த ஒன்றரை வருஷமாக அப்படித்தான்.

மகள் சிட்டுவுக்குப் பதினாறு வயது. அம்மாவின் சிரிப்பு அச்சு அசலாக அவளிடம் இருந்தது. மூக்கில் 'கொர்ர்' என்று தொடங்கி, கூரையை முட்டி, விக்கலில் முடியும். அம்மா போன பிறகு ஒருநாள் அவள் அப்படிச் சிரித்தபோது, அப்பா சாப்பிட்ட கையோடு எழுந்து போய்விட்டார். அன்றிலிருந்து சிட்டு சிரிப்பை மென்று விழுங்கினாள். விழுங்க விழுங்க, தான் யாரென்பதே அவளுக்கு மறந்துகொண்டு வந்தது.

அப்போதுதான் பள்ளி நூலகத்தில் அந்த நாவல் கிடைத்தது. அதில் தாயை இழந்த ஒருத்தி, தாயின் குரலிலேயே பாடுவாள். அவள் பாடினால் அப்பன்காரன் அறையை விட்டுப் போய்விடுவான். சிட்டுவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. யாரோ ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து எழுதிவிட்டார்களா? அப்பாடா, உலகத்தில் தான் மட்டும் தனி ஆளில்லை! சந்தோஷம் தாங்காமல் மூன்று முறை படித்தாள். அப்பாவுக்குத் தெரியாமலிருக்க அட்டை போட்டு, மேலே 'கணக்கு' என்று எழுதி, கடை பெஞ்சிலேயே உட்கார்ந்து படித்தாள்.

அங்கேதான் தப்புப் பண்ணினாள். அந்தக் குடும்பத்தில் ஏழு தலைமுறையாக யாரும் ஆசையாகக் கணக்குப் படித்ததில்லை.

ஒரு விடுமுறைக் காலை, மறந்து வைத்த புத்தகத்தைத் தேடிக் கடைக்கு ஓடினாள். ஆளில்லாத கடையில் அப்பா மூக்குக்கண்ணாடியோடு அந்த நாவலின் கடைசிப் பக்கத்தில் இருந்தார்.

"என்ன ஆளுடி இவன்? பெத்த பொண்ணு பாடுறா, எழுந்து போறான்!" என்று பொரிந்தார்.

சிட்டு வாசலிலேயே நின்றாள். எதிர்ச் சுவர்க் கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்ததும் அவர் கோபம் இறங்கியது.

"நானும் அப்படித்தானா?"

"ஆமாப்பா."

அவர் புத்தகத்தை மூடினார். முடிவெட்டும் நாற்காலியில் தாமே போய் உட்கார்ந்தார். வெள்ளைத் துணியைக் கழுத்தில் கட்டிக்கொண்டு மெஷினை நீட்டினார்.

"வெட்டு."

"எனக்குத் தெரியாதேப்பா!"

"அதனாலதான் சொல்றேன். வெட்டு."

ஒரே இழுப்பு. நெற்றியிலிருந்து உச்சி வரைக்கும் ரோடு போட்டாகிவிட்டது.

அப்பா கண்ணாடியில் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "யாராச்சும் கேட்டா, எந்தக் கடைன்னு மட்டும் சொல்லமாட்டேன்."

சிட்டு உதட்டைக் கடித்தாள். மூச்சை அடக்கினாள். முடியவில்லை. 'கொர்ர்' என்று பீறிட்டுக் கூரையை முட்டியது. உடனே பயந்துபோய் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்பாவின் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்தார்.

"கையை எடு. இந்தப் பாதித் தலையோட நான் எங்கடி எழுந்து போவேன்? நீ சிரி."

அவள் சிரித்துச் சிரித்து விக்கலில் வந்து நிற்கும் வரை அவர் இடத்தை விட்டு அசையவில்லை.